பெயர் சொன்னால் திரும்பாத குழந்தை: ஆட்டிசம் மதிப்பீட்டுக்கு எப்போது, எங்கே போவது?

இரண்டேகால் வயது மகன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேச்சும் வரவில்லை, வீட்டுப் பெரியவர்களோ மூன்று வயது வரை பொறுக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ ஆட்டிசம் தெரியுமா, சேலத்தில் எங்கே போக வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொறுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். இதே கேள்வியோடு அலைந்தவள், அதில் எட்டு மாதத்தைத் தானே வீணாக்கியவள் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆட்டிசத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. வலிப்பு போன்ற வேறு சந்தேகம் இருந்தால் மருத்துவர் அவற்றை எழுதிக் கொடுக்கலாம். ஆனால் ஆட்டிசம் இருக்கிறதா என்பதைக் குழந்தையை நேரில் கவனித்தும், வளர்ப்பவர்களிடம் கேட்டும்தான் முடிவு செய்கிறார்கள். ஆகவே நாம் சொல்லும் பதில் எவ்வளவு சரியாக இருக்கிறதோ, அவ்வளவுதான் மதிப்பீடும் சரியாக இருக்கும். நான் தவறியது அங்கேதான்.

எங்கள் வீடு செவ்வாய்ப்பேட்டையில். கணவர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டேகால் வயதில் என் மகன் ‘அம்மா’ என்று சொன்னதில்லை. ஆனால் ஏற்காட்டில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் பேருந்தில் போகும்போது, கொண்டை ஊசி வளைவுப் பலகைகளில் இருக்கும் எண்களை ஒன்று முதல் இருபது வரை ஒன்று விடாமல் படிப்பான். இவ்வளவு கெட்டிக்காரனுக்கு என்ன குறை இருந்துவிடப் போகிறது என்று நாங்கள் இருந்துவிட்டோம். “உம்புருசனும் மூணு வயசுலதான் பேசுனான் கண்ணு” என்று மாமியார் வேறு சொல்லியிருந்தார். அது உண்மையும்கூட. ஆனால் பின்னாளில் நான் துருவிக் கேட்டபோது, பேச்சு வராத அந்த வயதிலேயே என் கணவர் நிலாவையும் கோயில் யானையையும் விரல் நீட்டிக் காட்டிவிட்டு, எல்லோரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பாராம். பேச்சு மட்டும் தாமதமாகும் குழந்தை பெரும்பாலும் விரலாலும் முகத்தாலும் அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். என் மகன் எதையும் விரல் நீட்டிக் காட்டியதே இல்லை. மின்விசிறி வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய், என் விரலைச் சுவிட்சின் மேல் வைப்பான், என் முகத்தைப் பார்க்க மாட்டான்.

ஒரு தனியார் மையத்துக்கு முதலில் போனபோது ‘எம்-சாட்’ என்ற கேள்வித்தாளைக் கையில் கொடுத்தார்கள். பதினாறு முதல் முப்பது மாதக் குழந்தைகளுக்கானது. ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டிய இருபது கேள்விகள். விரல் நீட்டிக் கேட்பானா என்பதற்கு, சுவிட்சை நினைத்துக்கொண்டு ஆம் என்று குறித்தேன். பெயர் சொன்னால் திரும்புவானா என்பதற்கும் ஆம். ஏனென்றால் நான் பெயரைச் சொல்லிக்கொண்டே பிஸ்கட் டப்பாவை ஆட்டினால் ஓடி வருவான். என் பிள்ளையைத் தேர்வில் தேற வைக்கிற அவசரத்தில் இருந்தேன் என்பது இப்போது தெரிகிறது. மதிப்பெண் இரண்டு வந்தது. அந்தத் தாளில் இரண்டு வரை அச்சமில்லை; மூன்று முதல் ஏழு வரை என்றால் கூடுதல் கேள்விகள் கேட்க வேண்டும்; எட்டும் அதற்கு மேலும் என்றால் உடனே முழு மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்தவர் குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தரையில் விட்டுப் பார்க்காமல் “ஒன்றுமில்லை” என்று அனுப்பிவிட்டார். அது சல்லடைதானே தவிர முடிவு அல்ல என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று வயதில் இரண்டாம் முறை போன இடத்தில், முதலில் காது கேட்கிறதா என்று பார்த்து வரச் சொன்னார்கள். கொலுசுச் சலங்கை அடுத்த அறையில் குலுங்கினால் ஓடுகிறவனுக்குக் காதுக்கு என்ன என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் சில ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தைகளும் உண்டு என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. காது கேட்கும் திறனைப் பார்க்கும் ‘பெரா’ சோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும். அதற்காக விடியற்காலை மூன்று மணிக்கே எழுப்பிவிட்டோம். அவன் பேருந்தில் நன்றாகத் தூங்கிவிட்டு, சோதனை அறையில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தான். இன்னொரு நாள் போக வேண்டியதாயிற்று.

உளவியலாளர் ஒன்றரை மணி நேரம் பார்த்தார். சோப்புக் குமிழி ஊதிக் காட்டிவிட்டு, புட்டியை இறுக மூடி அவன் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். அவன் அவரைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பிடித்து மூடியின் மேல் வைத்தான். பொம்மைப் பேருந்தைக் குப்புறக் கவிழ்த்து ஒரே சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான். எங்களிடம் பிரசவம், முதல் அழுகை, உட்கார்ந்தது, நடந்தது, வந்த சொல் ஏதாவது பிறகு மறைந்ததா என்றெல்லாம் கேட்டார். பிறகு ‘ஐசா’ என்ற இந்திய அளவுகோலைப் போட்டார். அதில் நாற்பது கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். எங்களுக்கு 94 வந்தது. அன்று முதன்முறையாக நான் எதையும் மெழுகிச் சொல்லவில்லை.

நீங்கள் செலவில்லாமல் தொடங்க விரும்பினால் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் பதினெட்டு வயது வரையான குழந்தைகளை மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். இந்த மையங்கள் பொதுவாக மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இயங்குகின்றன. ஆகவே சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் விசாரிப்பதே நேர்வழி. தனியாரிடம் போவதானால் குழந்தை வளர்ச்சி மருத்துவரோ, தகுதி பெற்ற மருத்துவ உளவியலாளரோ இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். அறிக்கை கைக்கு வரும்வரை பேச்சுப் பயிற்சியை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. செல்போனை ஒதுக்குவது நல்லதுதான், ஆனால் அதை ஒதுக்கிவிட்டுப் பலனுக்காக ஆறு மாதம் காத்திருப்பது நல்லதல்ல. ஸ்டெம் செல் ஏற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அந்த வாசலை மிதிக்காதீர்கள்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்குவது பற்றி உறவினர்கள் பயமுறுத்துவார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று; நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உரிமை அதில் உண்டு. என் கணவர் இதற்கு ஒரு வருடம் இழுத்தடித்தார், அது தனிக் கதை.

போவதற்கு முன் மூன்று சிறு வீடியோக்கள் எடுத்து வையுங்கள்: அவன் தனியாக விளையாடுவது, சாப்பிடுவது, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது. பிரசவ மருத்துவமனைச் சீட்டையும் தடுப்பூசி அட்டையையும் மறக்க வேண்டாம். காத்திருக்கும் நேரத்துக்குப் பிஸ்கட் டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும்போது மட்டும் அதை ஆட்டிவிடாதீர்கள்.