பாடசாலை அதிபருக்குப் படைப்பாற்றல் எதற்கு?

கையிலுள்ள ஆசிரியர், நேரம், இடம் மூன்றையும் புதிய விதமாக இணைத்துப் பிள்ளைகளின் படிப்பு தடைபடாமல் காப்பதே அதிபரின் படைப்பாற்றல். சுற்றறிக்கை எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒன்றுதான். முல்லைத்தீவின் உட்கிராமத்தில் கணித ஆசிரியர் கிடைக்காமல் போகலாம். மாரி மழையில் பாதை மூடலாம். அதற்கான விடையை அதிபர்தான் தேட வேண்டும்.

குளத்தில் நீர் குறைந்த ஆண்டில் வன்னி விவசாயிகள் சிறுபோகத்துக்கு வயலின் ஒரு பகுதியை மட்டும் பங்கிட்டு விதைப்பார்கள். அதே அறிவுதான் இதுவும்: தரம் 3, 4 பிள்ளைகளை ஒன்றாக அமர்த்துவது, பஸ் வரும் நேரத்துக்கேற்ப முதற்பாடத்தை மாற்றுவது. ஆசிரியர்களையும் பெற்றோரையும் கேட்காமல் செய்தால் இது நிலைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

சுவரோவியமும் கலைவிழாவுமே படைப்பாற்றல் என்று பலர் எண்ணுகிறார்கள். நேரசூசியை மாற்றி எழுதுவதற்கும் அது வேண்டும்.