நீலமா எரிஞ்சா எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டாமா?

கேள்வி: எங்க அப்பார்ட்மெண்ட்டுக்கு பைப் கேஸ் வந்திருக்கு. ஃபிளேம் சுத்த நீலம், பாத்திரத்துல கரியே ஒட்டல. இனிமே எக்ஸாஸ்ட் ஃபேன் எதுக்கு, கரண்ட் பில்தான் ஏறுதுன்னு வீட்டுக்காரர் சொல்றார். நிறுத்திடலாமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. நீலமா எரியுதுன்னா பைப் கேஸ்ல இருக்கிற மீத்தேன் நல்லா எரியுது, கரி சேரல, அதுவரைக்கும் சந்தோஷம். ஆனா அந்த நீல ஃபிளேம்லதான் கண்ணுக்குத் தெரியாம நைட்ரஜன் ஆக்சைடு உருவாகுது. அதுக்கான நைட்ரஜன் கேஸ்லேர்ந்து வரல, காத்துலயே 78 சதவீதம் இருக்கே, அதுலேர்ந்துதான். சாதாரணமா அது யாரோடயும் சேராது, ஆனா ஃபிளேமோட சூடு 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டுற இடத்துல ஆக்சிஜன் அணு தனியா பிரிஞ்சு வந்து நைட்ரஜன் மூலக்கூறையே உடைச்சுடும், அதுக்கு மேல சூடு ஏற ஏற நைட்ரஜன் ஆக்சைடு மளமளன்னு கூடும். 1940கள்லயே சோவியத் விஞ்ஞானி செல்டோவிச் இதை விளக்கிட்டார். ஃபேக்டரி பாய்லர்ல புகையில கொஞ்சத்தைத் திருப்பி ஃபிளேமுக்கே விட்டு சூட்டைத் தணிக்கிறாங்க. வீட்டு அடுப்புல அந்த வசதி இல்ல, ஃபேனும் ஜன்னலும்தான்.

இதுல நைட்ரஜன் டை ஆக்சைடுதான் மூச்சுக்குழாயை எரிச்சல் பண்றது. வீட்ல ஆஸ்துமா இருக்கிற குழந்தை இருந்தா ரொம்பவே கவனம் வேணும். உலக சுகாதார நிறுவனம் 2021ல காத்துல இது இருக்கலாம்னு சொல்ற வருஷ சராசரி வரம்பை ஒரு கன மீட்டருக்கு 40லேர்ந்து 10 மைக்ரோகிராமா குறைச்சுடுச்சு, அவ்வளவு சின்ன அளவே பாதிக்குதுன்னுதான்.

அடுத்தது கார்பன் மோனாக்சைடு. வாசனையே கிடையாது. பர்னரை மொத்தமா மூடுற பெரிய தோசைக்கல்லு, பிரியாணி அண்டா வச்சா சுத்தி காத்து போக வழியில்லாம, ஃபிளேமும் குளிர்ந்த அடியில மோதி பாதியிலயே அணைஞ்சு, இது அதிகமா வரும். பால் பொங்கி ஓட்டை அடைச்சிருந்தாலும் இதே கதைதான், நுனி மஞ்சளா மாறும், அடியில கரி பிடிக்கும். அப்போ பர்னரைக் கழட்டி சேஃப்டி பின் வச்சு ஒவ்வொரு ஓட்டையா குத்தி அடைப்பை எடுத்து சுத்தம் பண்ணுங்க.

சிலிண்டர் அடுப்பையே பைப் கேஸுக்கு மாத்தினீங்கன்னா ஜெட்டை, அதாவது பர்னருக்கு கேஸை விடுற சின்ன ஓட்டை உள்ள பாகத்தை, மாத்தினாங்களான்னும் கேளுங்க, பைப் கேஸுக்குப் பெரிய ஓட்டை ஜெட் வேணும். பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் இருந்தா அதுதான் இதையெல்லாம் விட ஆபத்து, அதைக் கழட்டி வெளியில மாட்டச் சொல்லுங்க, இந்த வாரமே.