சாரி: வருத்தமா, மன்னிப்பா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ‘சாரி’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘மன்னிக்கவும்’ என்று எழுதலாமா?

பதில்: கூடாது. மனம் வருந்திய நிலையைச் சொல்லும் சொல் ‘சாரி’. பழைய ஆங்கிலத்தில் அதன் வேர் வலியையும் புண்ணையும் குறித்தது. புண்ணைக் குறிக்க இன்றும் வழங்கும் ‘சோர்’ அதே வேரில் பிறந்தது. துயரத்தைக் குறிக்கும் ‘சாரோ’ ஒலியில் நெருங்கி நின்றாலும் அதன் வேர் வேறு. ஒருவர் காலை மிதித்துவிட்டுச் சொன்னால் ‘மன்னியுங்கள்’. தேர்வில் தவறிய நண்பரிடம் சொன்னால் ‘வருத்தமாக இருக்கிறது’. தவறு சொல்பவருடையதா என்று பாருங்கள். தமிழில் எது பொருந்தும் என்பது உடனே தெரிந்துவிடும். ‘ஐ சாரி’ என்று எழுதுவது பிழை. ‘ஐ ஆம் சாரி’ என்பதே சரி.

கேள்வி: தோழியின் தந்தை இறந்த செய்தி கேட்டு ‘ஐ ஆம் சாரி’ என்றேன். ‘நீ என்ன தப்பு செய்தாய்?’ என்று உடன் இருந்தவர் கேட்டுவிட்டார்.

பதில்: நீங்கள் சொன்னது சரி. ஆங்கிலத்தில் துக்கம் விசாரிக்கும் முறையே அதுதான். அந்த நேரத்தில் அப்படிக் கேட்டவர்தான் வாயை அடக்கியிருக்க வேண்டும். ஆனால் தோழி தமிழ் பேசுபவர் என்றால் ‘கேள்விப்பட்டதும் மனசே சரியில்லை’ என்று சொல்லி அருகில் உட்காருங்கள். அதில் உள்ள நெருக்கம் ஆங்கிலத்தில் வராது.

கேள்வி: ‘எக்ஸ்கியூஸ் மீ’, ‘சாரி’ என்ன வேறுபாடு?

பதில்: பொதுவாக இடைஞ்சல் செய்வதற்கு முன் முதலாவது, செய்த பின் இரண்டாவது. அமெரிக்கர்கள் இடித்துவிட்டும் முதலாவதைச் சொல்வதுண்டு. குரலை உயர்த்திக் கேள்வியாகச் ‘சாரி?’ என்றால், காதில் விழவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று பொருள்.

கேள்வி: அலுவலகக் கடிதத்தில் ‘அப்பாலஜைஸ்’ என்று எழுதுவதுதான் மரியாதையா?

பதில்: மரியாதை மட்டுமல்ல, பொறுப்பும் கூடுகிறது. அந்தச் சொல்லுக்குத் தவறை ஏற்கும் பொருள் மட்டுமே உண்டு. அதனால் இரங்கல் கடிதத்தில் அதை எழுதவே கூடாது. யாரிடம் என்பதற்கு ‘டு’, எதற்காக என்பதற்கு ‘ஃபார்’ சேருங்கள். ‘ஏற்பட்ட சிரமத்துக்கு’ என்று மொட்டையாக முடிக்காமல், ‘அறிக்கையை இரண்டு நாள் தாமதமாக அனுப்பியதற்கு’ என்று செயலைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

கேள்வி: தலைவர்கள் ‘வருந்துகிறேன்’ என்கிறார்கள். அது மன்னிப்புக் கேட்பது ஆகுமா?

பதில்: ஆகாது. ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கே இருபதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள், பழங்குடிக் குழந்தைகளை அரசே பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டுபோனது. 1999இல் பிரதமர் ஜான் ஹோவர்ட் கொண்டுவந்த தீர்மானம் ‘ஆழ்ந்த, மனப்பூர்வமான வருத்தம்’ என்றது. ‘சாரி’ என்ற சொல்லைத் தொடவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு அது போதவில்லை. போதாததில் வியப்பும் இல்லை, நடந்ததற்கு யார் பொறுப்பு என்பதை அது சொல்லவில்லையே! 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட், நாடாளுமன்றத்தின் பெயரால் அந்தச் சொல்லைச் சொன்னார். பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. பிரிக்கப்பட்டவர்கள் பட்ட வேதனைக்கு ஒரு முறை, தாய் தந்தையரிடமும் உடன்பிறந்தவர்களிடமும் குடும்பங்களைச் சிதைத்ததற்கு ஒரு முறை, ஒரு மக்களுக்கு இழைத்த அவமதிப்புக்கு ஒரு முறை. எதற்காக என்பது ஒவ்வொன்றிலும் தெளிவாக இருந்தது. இத்தனைக்கும், அந்தக் கொள்கையை அவர் வகுக்கவில்லை.

‘யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று தொடங்கும் அறிக்கைகளை இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அந்த ‘இருந்தால்’ பழியைப் புண்பட்டவர் தலையில் கட்டிவிடுகிறது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காத வாக்கியம்.

கேள்வி: ஒருவர் ‘சாரி’ சொன்னால் பதிலுக்கு ‘மென்ஷன் நாட்’ என்கிறேன். சரியா?

பதில்: இல்லை, அது நன்றி சொன்னவருக்கான பதில், அங்கேயும் ‘டோன்ட் மென்ஷன் இட்’ என்பதே முறை. மன்னிப்புக் கேட்டவரிடம் ‘இட்ஸ் ஓகே’, தமிழில் ‘பரவாயில்லை’. மனம் இன்னும் ஆறவில்லை என்றால் பரவாயில்லை என்று பொய் சொல்ல வேண்டாம். ‘சொன்னதற்கு நன்றி’ என்று நிறுத்திக்கொள்ளலாம்.