யாழ்ப்பாண மாணவர்களோடு கூட்டுக் கண்காட்சி: கடல் தாண்டி எதை அனுப்புவது?

கேள்வி: சென்னையில் நுண்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஓவியம் படிக்கும் மாணவர்களோடு சேர்ந்து கண்காட்சி நடத்த இரண்டு பக்கத்து ஆசிரியர்களும் சம்மதித்துவிட்டார்கள். இங்கே 12 பேர், அங்கே 12 பேர். ஆளுக்கு ஒரு கேன்வாஸ் அனுப்பலாம் என்று கூரியரில் விசாரித்தோம். அவ்வளவு பணம் எங்களிடம் இல்லை. ஸ்கேன் செய்து அனுப்பி, அங்கேயே பிரிண்ட் போட்டுக்கொள்ளச் சொல்லலாமா? கஸ்டம்ஸில் சிக்கல் வருமா?

பதில்: ஸ்கேன் செய்து அனுப்பலாம். ஏ3 அளவில் தெளிவாக வர 3508 × 4961 பிக்சல் வேண்டும். புகைப்படம், போஸ்டர், டேப்லெட்டில் வரைந்தது என்றால் இதுவே போதும். ஆனால் எண்ணெய் வண்ணத்தில் கத்தியால் அப்பிய ஒரு பரப்பு ஸ்கேனில் தட்டையாகிவிடும். அங்கே உள்ள பிரிண்டர் உங்கள் நீலத்தைக் கத்தரிப்பூ நிறமாக்கினாலும் உங்களுக்குத் தெரியப் போவதில்லை.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 12 படம் இங்கிருந்து, 12 படம் அங்கிருந்து, ஒரே சுவரில் மாட்டினால் அது இரண்டு கண்காட்சிதான். கூட்டு என்று சொல்ல வேண்டுமானால் ஒரே தாளில் இரண்டு பேர் கையும் பட வேண்டும். அதனால் முடிந்த படத்தை அனுப்பாதீர்கள், பாதி வேலையை அனுப்புங்கள். ரே ஜான்சன் என்ற அமெரிக்கக் கலைஞர் தன் சித்திரங்களைத் தபாலில் அனுப்பி, ‘இதில் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள்’ என்று எழுதுவார். அப்படி வளர்ந்த தபால் கலைக்கு 1970-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகமே இடம் கொடுத்தது.

உங்களுக்கு நான் சொல்வது லினோகட், அதாவது லினோ என்ற மென்மையான தகட்டில் படத்தைச் செதுக்கி, மை தடவித் தாளில் அச்சிடுவது. பிரஸ் இல்லாவிட்டாலும் மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தே படி எடுத்துவிடலாம். பல படிகள் கிடைப்பதால் இரண்டு ஊரிலும் ஒரே நாளில் கண்காட்சியைத் திறக்கலாம். இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான், அதுவும் வசதி.

ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே என்று 12 ஜோடி. முதல் ஆள் வெளிர் நிறத்தை அச்சிட்டு அனுப்ப, இரண்டாவது ஆள் அதன் மேல் கறுப்புக் கோட்டை அச்சிட்டு, பாதித் தாளைத் திருப்பி அனுப்புவார். கறுப்பு யார் கையில் இருக்கிறதோ, படம் பெரும்பாலும் அவருடையதாகத் தெரியும். அதனால் 6 ஜோடிக்கு இங்கே ஆரம்பியுங்கள், மீதி 6 ஜோடிக்கு அங்கே ஆரம்பிக்கட்டும். இதை முதல் பேச்சிலேயே முடிவு செய்துவிட வேண்டும், பிறகு பேசினால் மனக்கசப்புதான்.

ஒவ்வொரு ஜோடிக்கும் 10 தாள் போதும். கண்காட்சிக்கு இரண்டு, வரைந்தவர்களுக்கு இரண்டு, கல்லூரிகளுக்கு இரண்டு, மீதி நான்கு கெட்டுப்போவதற்கு. கட்டாயம் கெட்டுப்போகும். 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) ஏ3 தாள் ஒன்று 31 கிராம் வரும். உங்கள் பக்கத்து 60 தாளும் சேர்ந்து 2 கிலோவைத் தாண்டாது. கேன்வாஸுக்குக் கேட்ட கூரியர் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி, எல்லோரும் தடுமாறும் இடம்: இரண்டாவது நிறத்தை முதல் நிறத்தின் மேல் சரியாக உட்கார வைப்பது. ஒரு தடித்த அட்டையில் இரண்டு பட்டைகளை ‘ட’ வடிவில் ஒட்டுங்கள். தாளின் மூலை எப்போதும் அந்த மூலையில்தான் முட்ட வேண்டும், லினோவுக்கும் உள்ளே நிலையான ஓர் இடம். இதே அட்டையை அளவு பிசகாமல் இன்னொன்று செய்து பார்சலோடு அனுப்புங்கள். ஒவ்வொரு தாளின் பின்புறமும் முட்டிய மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி. இரண்டு ஊரிலும் யாரும் தாளின் ஓரத்தை வெட்டக் கூடாது. கூடவே டிரேசிங் தாளில் ஒரு படி எடுத்து வையுங்கள். எதிர்ப்பக்கத்து நண்பர் அதை மை பட்ட பக்கம் லினோவைப் பார்க்கும்படி கவிழ்த்து, கோடுகளை இறக்கிச் செதுக்கினால், அச்சில் திசை சரியாக வரும்.

அப்புறம், காய விடுங்கள். எண்ணெய் மை ஒரு வாரம் கேட்கும், மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. ஒருமுறை அவசரத்தில் மூன்றாம் நாளே தாள்களைச் சுருட்டிக் குழாயில் போட்டு அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததும் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு தாளின் முதுகிலும் அடுத்த படத்தின் நிழல். ஒரு மாணவி இரண்டு மாதம் செதுக்கிய வேலை அது. இன்றைக்கு நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது. சுருட்டவே வேண்டாம். தாளுக்குத் தாள் பட்டர் பேப்பர், மேலும் கீழும் ஃபோம் போர்டு, சுற்றிலும் பிளாஸ்டிக் உறை, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு, இப்படித் தட்டையாக அனுப்புங்கள்.

கஸ்டம்ஸுக்கு வருவோம். மாணவர் பெயருக்கு அனுப்பாமல் துறைத்தலைவர் பெயருக்கு அனுப்புங்கள். ‘மாணவர் படைப்பு, விற்பனைக்கு அல்ல’ என்று இரண்டு கல்லூரிகளும் லெட்டர்ஹெட்டில் எழுதிய கடிதம் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. மதிப்பு என்ற இடத்தில் பூஜ்யம் போடாதீர்கள், அதுதான் கேள்வியைக் கிளப்பும். தாள், மைச் செலவைக் கணக்கிட்டு எழுதுங்கள். கலைஞர் கையால் செய்த அச்சிலிருந்து எடுத்த படிகளுக்குச் சுங்கப் பட்டியலில் 9702 என்று தனித் தலைப்பே இருக்கிறது. டிஜிட்டல் பிரிண்ட் அதில் சேராது. எதற்கும் முதலில் இரண்டே தாளை அனுப்பி, என்ன கேட்கிறார்கள், எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள்.

எப்படியும் கேன்வாஸ்தான் போக வேண்டும் என்று ஆசிரியர்கள் நின்றால், ஏடிஏ கார்னே என்ற ஆவணம் உண்டு. இந்தியாவில் ஃபிக்கி என்ற வர்த்தக சபைக் கூட்டமைப்பு தருகிறது, இலங்கையும் ஏற்கிறது. காட்சிக்குப் போய் ஒரு வருடத்துக்குள் திரும்பும் பொருளுக்கு அங்கே வரி கட்ட வேண்டாம். ஆனால் பிணைத்தொகை கட்ட வேண்டும், போனதெல்லாம் திரும்பியாக வேண்டும். பாதித் தாள் அங்கேயே தங்கிவிடும் உங்கள் திட்டத்துக்கு இது பொருந்தாது. மரப்பெட்டி என்றால் மரத்தை வெப்பப் பதம் செய்ததற்கான முத்திரை வேண்டும், பிளைவுட்டுக்குத் தேவையில்லை. கல், வெண்கலச் சிற்பம் எதுவும் போனால், அது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையின் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படங்களை யார் பயன்படுத்தலாம் என்பதை எழுத்தில் வையுங்கள். இரண்டு பேர் செய்த படத்துக்கு இரண்டு பேருமே உரிமையாளர்கள். ஒருவர் விற்கவோ அட்டைப்படத்துக்குக் கொடுக்கவோ மற்றவர் சம்மதம் வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும்.

கையெழுத்துக்குப் பென்சில்தான். படத்தின் கீழே இடது ஓரத்தில் 3/6 என்று படி எண் (நன்றாக வந்த ஆறில் மூன்றாவது), வலது ஓரத்தில் முதலில் அச்சிட்டவர் பெயரும் அடுத்தவர் பெயரும். சுவரில் ஒட்டும் லேபிளிலும் இரண்டு பெயரும் ஒரே எழுத்தளவில் இருக்கட்டும்.