பட்டன் பெரிதாக மாட்டேன் என்கிறதா?

கேள்வி: ஆற்காட்டில் மக்கன் பேடா கடை வைத்திருக்கிறோம். கடையின் இணையப் பக்கத்தை நானே பார்த்துக்கொள்கிறேன். 'போன் செய்ய' என்ற லிங்கை பட்டன் போலக் காட்ட அகலம் 200 பிக்சல், உயரம் 50 பிக்சல் கொடுத்தேன். துளியும் மாறவில்லை. பக்கம் செய்து கொடுத்தவர், "தீம் (பக்கத்தின் ஆயத்த வடிவமைப்பு) சரியில்லை, 6,000 ரூபாய்க்குப் புதுசு வாங்கணும்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். வேண்டியது ஒரே ஒரு வரி. அந்த லிங்கின் ஸ்டைலில் 'டிஸ்ப்ளே: இன்லைன்-பிளாக்' என்று ஆங்கிலத்தில் சேருங்கள். நீங்கள் கொடுத்த 200, 50 இரண்டும் உடனே ஏறிவிடும். எழுத்து மேல் விளிம்பில் ஒட்டிக்கொண்டால் லைன்-ஹைட்டையும் (வரியின் உயரம்) 50 பிக்சல் ஆக்குங்கள்.

வேலூர் டவுன் பஸ்ஸில் ஏறியிருப்பீர்கள். சிலர் துண்டு போட்டு சீட்டு முழுவதையும் பிடித்துவிடுவார்கள். இணையப் பக்கத்தில் டிவ் (உள்ளடக்கத்தை அடைக்கும் பெட்டி), பத்தி, தலைப்பு எல்லாம் அந்த ரகம், அவைதான் பிளாக். லிங்க், ஸ்பேன் (வரிக்குள் சில சொற்களை மட்டும் சுற்றும் குறி) போன்றவை கிடைத்த இடத்தில் நெருக்கி உட்காரும் இன்லைன். அவற்றுக்கு நீங்கள் சொல்லும் அகலமும் உயரமும் காதிலேயே ஏறாது.

இதற்கு விதிவிலக்கும் உண்டு, உதாரணமாகப் படம். அதுவும் இன்லைன்தான், ஆனால் அகலம் உயரம் சொன்னால் கேட்கும். பேடா படத்துக்கு டிவ்வால் பார்டர் போட்டால் அடியில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். மார்ஜின் (வெளிப்புற இடைவெளி) என்று நினைத்து அழிக்கப் பார்ப்பீர்கள், போகாது. படம் எழுத்தோடு எழுத்தாக வரியில் நிற்கிறது. 'ழ'வின் வால் இறங்க வரிக்கு அடியில் இடம் விட வேண்டும் அல்லவா, அந்த இடம்தான் அது. படத்துக்கு 'டிஸ்ப்ளே: பிளாக்' கொடுங்கள், கோடு மறைந்துவிடும்.

இதைக் கல்லூரியில் 'பிளாக், இன்லைன் வேறுபாடு தருக' என்று 5 மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். 2014-இல் வந்த எச்டிஎம்எல் 5 (இணையப் பக்கங்களை எழுதும் மொழி) தர ஆவணமே அந்தப் பழைய பிரிவினையை விட்டு வேறு வகைப்பாட்டுக்குப் போய்விட்டது. பாடத்திட்டம் மட்டும் நகரவில்லை. படித்து வருகிறவர்களுக்கு ஒரு பட்டனைச் சரிசெய்யத் தெரியவில்லை, தீம் விற்கத் தெரிகிறது!

சரி, எனக்குக் கவலை பட்டன் அல்ல. டொமைன், அதாவது உங்கள் பக்கத்தின் இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது? ஆம்பூரில் ஒரு செருப்புக் கடைக்காரருக்குப் பக்கம் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் மெயில் ஐடியிலேயே பதிந்துகொண்டார். ஆண்டு முடிந்ததும் புதுப்பிக்கச் சொன்னால் கேட்ட தொகையில் கடைக்காரருக்குத் தலை சுற்றிவிட்டது. கடைப் பெயர், ஆனால் சாவி அடுத்தவர் சட்டைப்பையில். இன்றைக்கே உங்களுக்குப் பக்கம் செய்து கொடுத்தவரிடம் டொமைன் வாங்கிய கணக்கின் லாகினைக் கேளுங்கள். மெயிலையும் மொபைல் எண்ணையும் உங்களுடையதாக மாற்றுங்கள், அப்புறம் பாஸ்வேர்டையும். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்" என்று இழுத்தால் விடாதீர்கள். அவருக்கு ஏதாவது பாக்கி தர வேண்டியிருந்தால், லாகின் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.