களைக்கொல்லி பட்டை பட்டையாக விழுகிறதா? நாசிலை அளந்து பாருங்கள்

கேள்வி: தாராபுரம் பக்கம் மூன்று ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருக்கிறோம். இரண்டு வருடப் பழைய 16 லிட்டர் பேட்டரி ஸ்ப்ரேயரில் களைக்கொல்லி அடித்தோம். சில இடத்தில் களை அப்படியே நிற்கிறது. அதற்குப் பக்கத்திலேயே பயிர் வெளுத்துக் கருகியிருக்கிறது. கடைக்காரர் வேறு மருந்து தருகிறேன் என்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஸ்ப்ரேயரையே மாற்றச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: இரண்டையும் வாங்க வேண்டாமுங்க. மருந்தில் வீரியம் குறைவென்றால் மூன்று ஏக்கரிலும் களை ஒரே மாதிரி தப்பியிருக்கும். உங்கள் காட்டில் ஒரு சாலில் களை நிற்கிறது, அடுத்த சாலில் சோளம் கருகுகிறது. அதாவது ஒரே டேங்க் மருந்து ஓரிடத்தில் குறைந்தும் ஓரிடத்தில் கூடியும் விழுந்திருக்கிறது. கோளாறு மருந்தைப் பீய்ச்சுகிற முனையான நாசிலில் இருக்கும், இல்லையென்றால் அதைப் பிடித்த கையில் இருக்கும்.

பூச்சிமருந்து அடிக்கும் கூம்பு நாசிலிலேயே களைக்கொல்லியையும் அடித்திருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். களைக்கொல்லிக்கு விசிறி மாதிரி விரிகிற நாசில் வேண்டும். கடையில் பிளாட் ஃபேன் என்று கேளுங்கள், ஃப்ளட் ஜெட் கிடைத்தாலும் சரி. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் பிடித்து, கையை வீசாமல் நேராக நடக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இடமும் வலமும் வீசித்தான் பழக்கம். கை திரும்புகிற இடத்தில் இரண்டு தரம் விழும், நடுவில் விட்டுப்போகும். விசிறியின் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் மெலிந்துதான் விழும் என்பதால், அடுத்த சால் முந்தைய சாலின் மேல் கொஞ்சம் ஏறி விழ வேண்டும்.

நாசில் நல்லதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வெயில் ஏறியபின் காய்ந்த சிமெண்ட் களத்தில் வெறும் தண்ணீரை அடித்துக்கொண்டே நான்கு எட்டு நடங்கள். அப்புறம் தரை காய்வதைப் பாருங்கள். ஒரே சீராகக் காய்ந்தால் நல்லது. ஒரு கோடு சீக்கிரம் காய்ந்து, பக்கத்துக் கோடு ஈரமாகவே நின்றால் உங்கள் சோளக்காட்டின் படம் அங்கேயே தெரிந்துவிடும். அடுத்தது அளவு. பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, அளவுக்கோடு போட்ட குவளையில் ஒரு நிமிடம் தண்ணீரைப் பிடியுங்கள். அதே ரகப் புது நாசிலையும் மாட்டி அதே போலப் பிடியுங்கள். புதிதில் 600 மில்லி வந்து, பழையதில் 660க்கு மேல் வந்தால் பழையதைத் தூக்கிப் போடுங்கள். பத்து சதவீதம்தான் வரம்பு. சார்ஜ் இறங்கியபின் ஒரு தரம் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் நன்றாகக் குறைந்துவிட்டால் பேட்டரியையும் கவனிக்க வேண்டும்.

நாசில் ஓட்டை ஏன் பெரிதாகிறது? தூள் மருந்துகள் உப்புத்தாள் மாதிரி அரிக்கும். பித்தளைதான் சீக்கிரம் தேயும், செராமிக் நெடுநாள் வரும். ஆனால் நான் பார்க்கிற வரையில் பாதி நாசில்கள் தானாகத் தேய்ந்தவை அல்ல, ஆணி விட்டுக் குடைந்தவை. டேங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசி அடிக்கிறவருக்கு டேங்க் சீக்கிரம் காலியானால் லாபம். டேங்க் எண்ணிக்கை ஏறினால் மருந்துக்கடைக்கும் லாபம். ஓட்டை பெரிதாவதில் நட்டம் உங்களுக்கு மட்டும்தான். உங்கள் நாசிலை நீங்களே வாங்கி வையுங்கள், வேலை முடிந்ததும் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். கூலியை ஏக்கர் கணக்கில் பேசுங்கள்.

கடைக்காரர் "டேங்குக்கு 50 மில்லி ஊத்துங்க" என்று சொன்னால், ஏக்கருக்கு எத்தனை டேங்க் என்று திருப்பிக் கேளுங்கள். அது தெரியாமல் சொல்கிற மில்லி கணக்கு வெறும் ஊகம். 33 அடிக்கு 66 அடி அளந்தால் சரியாக ஐந்து சென்ட். டேங்கில் ஒரு கோடு வரை தண்ணீர் ஊற்றி, வழக்கமான நடையில் அந்த இடத்தை அடித்து முடியுங்கள். மறுபடி அதே கோடு வரை நிரப்ப எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ, அதை இருபதால் பெருக்கினால் ஏக்கர் கணக்கு. எட்டு லிட்டர் என்றால் ஏக்கருக்கு 160 லிட்டர், அதாவது பத்து டேங்க். மருந்து ஏக்கருக்கு 400 மில்லி என்றால் டேங்குக்கு 40. நாசில் தேய்ந்து ஐந்து சென்டுக்குப் பத்து லிட்டர் குடித்தால் பன்னிரண்டரை டேங்க் ஆகும். அதே 40 மில்லியை ஊற்றினால் 500 மில்லி போய்விடும். லேபிளில் ஹெக்டேர் கணக்கு போட்டிருந்தால் இரண்டரையால் வகுத்துக்கொள்ளுங்கள். சென்ட் கணக்கில் பேசுகிற விவசாயிக்கு ஹெக்டேரில், அதுவும் எறும்பு எழுத்தில் அச்சடித்துக் கொடுப்பது யாருக்காக என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒரு தரம் போட்ட கணக்கு அடுத்த தரத்துக்கு ஒத்துவராத இடம் ஒன்று உண்டு. படைப்புழுவுக்கு மக்காச்சோளக் குருத்துக்குள் அடிப்பது. அங்கே நிலத்தை நனைப்பதில்லை, செடி செடியாகக் குருத்தைப் பார்த்து விடுகிறோம். இருபது நாள் பயிர் குடிக்கிற தண்ணீர் வேறு, நாற்பது நாள் பயிர் குடிப்பது வேறு. போன தரம் ஏழு டேங்க் ஆனதே என்று அதே அளவு கலக்கக் கூடாது. ஒவ்வொரு தரமும் ஐந்து சென்டில் வெறும் தண்ணீரை அதே மாதிரி குருத்தில் விட்டு அளந்து, அப்புறம் கலக்குங்கள். டேங்க் எத்தனை ஆனாலும் ஏக்கருக்கு உண்டான மருந்தைத் தாண்டக் கூடாது. இதற்குக் கூம்பு நாசில்தான், விசிறி வேண்டாம்.

பராமரிப்பு சின்ன வேலை. மருந்து கரைக்கும் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசுங்கள். நாசில் அடைத்தால் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போதும். கம்பி, ஊசி எதுவும் வேண்டாம், வாயால் ஊதவே ஊதாதீர்கள். போர்த் தண்ணீரின் உப்புப் படிந்திருந்தால் வினிகரில் கொஞ்ச நேரம் ஊறப் போடுங்கள். பிரஷரைக் கூட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். பிரஷரை இரண்டு மடங்காக்கினாலும் தண்ணீர் 1.4 மடங்குதான் கூடும், துளி மட்டும் பொடியாகி மிதக்கும். காற்றாலை சுற்றுகிற உங்கள் ஊரில் ஆடிக் காற்றில் அது யார் தோட்டத்தில் போய் விழுமோ!

மானியத்தில் புது ஸ்ப்ரேயர் வாங்கித் தருகிறேன் என்று ஆதார் நகல் கேட்டு வருகிற தரகரிடம் எதையும் கொடுக்காதீர்கள். வேண்டுமென்றால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் நீங்களே நேரில் கேளுங்கள். மானியத்தில் மெஷினைத் தள்ளிவிடுகிறவர்கள், கூடவே நான்கு நல்ல நாசிலும் அரை மணி நேரப் பாடமும் தரக் கூடாதா? பம்புக்குப் பேர்போன கோவைச் சீமையில் ஒரு உருப்படியான விசிறி நாசில் கேட்டால் நாலு கடையில் முழிக்கிறார்கள்.

இப்போதைக்கு, கருகிய செடியின் குருத்தைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் புது இலை விட்டுத் தேறிவிடும். அதற்கென்று கடைக்காரர் நீட்டுகிற டானிக் வேண்டாம். நிற்கிற களையை ஆள் விட்டுக் கொத்துங்கள், களைக்கொல்லியை மறுபடி மேலே அடிக்காதீர்கள்.