ஆசாரியும் வித்வானும் – கடிதம்

வணக்கம் ஐயா,

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் பற்றி எழுதியபோது அதைச் செய்யும் ஆசாரியையும் வாசிக்கும் வித்வானையும் சமமாக வைத்திருந்தீர்கள். எனக்கு அது மிகையாகப் பட்டது. கைத்தொழில் என்பது தாத்தா செய்ததைப் பேரன் அப்படியே செய்வது. இசையோ ஒவ்வொரு கச்சேரியிலும் புதிதாகப் பிறக்கிறது. இன்று ஆசாரி கடைவதை நாளை இயந்திரம் கடைந்துவிட்டுப் போகிறது. புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. இன்னும் என்ன குறை என்று வருத்தப்படுகிறீர்கள்?

ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள வாசகிக்கு,

தாத்தா செய்ததைப் பேரன் அப்படியே செய்துகொண்டிருந்தால் நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் நாம் கேட்கிற தோடியாக இருந்திருக்காது.

அவருக்கு முன்பு பெரும்பாலும் புழங்கியது திமிரி என்ற நாதஸ்வரம். குட்டைக் குழல், ஏறிய சுருதி. சுவாமி புறப்பாட்டில் நாலு வீதிக்கும் கேட்க வேண்டும், அதற்கென்றே ஆன வாத்தியம். ஆனால் அதில் சுத்த மத்திமம், அதாவது ‘ம’ சுரத்தின் தாழ்ந்த நிலை, நேராக வராது. வாசிப்பவர்தான் மூச்சாலும் உதட்டாலும் அதைச் சரிக்கட்ட வேண்டும். மேளகர்த்தா என்கிற 72 தாய் ராகங்களின் வரிசையில் தோடி எட்டாவது மேளம். முதல் 36 மேளமும் சுத்த மத்திம மேளங்கள்தான். மேளகர்த்தாவில் சரிபாதியை வித்வான்கள் கருவியோடு மல்லுக்கட்டியே வாசித்துவந்தார்கள் என்று அர்த்தம்.

ராஜரத்தினம் பிள்ளைக்காக இதைத் தீர்த்துக் கொடுத்தவர் ரங்கநாதன் ஆசாரி. நரசிங்கம்பேட்டையும் திருவாவடுதுறையும் அக்கம்பக்கத்து ஊர்கள். அவர் செய்த பாரி நாதஸ்வரத்தில் சுருதி இறங்கியது, சுத்த மத்திமம் தன் இடத்தில் நின்றது. குழலைக் கொஞ்சம் நீட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். நீட்டினால் துளைகள் விலகும், விரல் எட்டாது. உள்துளை மேலே ஒடுங்கிக் கீழே விரிந்துகொண்டே போவது, அந்த விரிவு சற்று மாறினாலும் சுரம் இடம் மாறிவிடும். விரல் படும் ஏழு துளைகளுக்குக் கீழே இன்னும் ஐந்து உண்டு. அவற்றில் மெழுகை வைத்தும் எடுத்தும் சுருதி சேர்ப்பார்கள். இவ்வளவையும் ஒன்றோடொன்று இசையவைக்க, காதும் கையும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். இதைத் திரும்பச் செய்வது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அப்புறம், திரும்பச் செய்வது குற்றமென்றால் வித்வானையும் அதே கூண்டில் ஏற்ற வேண்டும். தோடியை உண்டாக்கியவர் ராஜரத்தினம் பிள்ளை இல்லையே. தியாகையர் மறைந்தது 1847-இல், இன்றைக்கும் மேடையில் அவர் கீர்த்தனைகள்தான். வாங்கியதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்றுதானே பாடகரை மதிப்பிடுகிறோம்? ஆசாரிக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

ஏன் என்பதற்கு மிருதங்கத்தைப் பார்த்தாலே போதும். பலா மரக் கட்டை, மாடு, எருமை, ஆட்டுத் தோல்கள், வலது முகமான வலந்தலையில் கிட்டங்கல் பொடியைச் சோற்றோடு பிசைந்து தேய்த்து ஏற்றிய கருப்பு. அந்த நாதத்துக்காகப் மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர், மிருதங்கம் செய்யும் தஞ்சாவூர் பர்லாந்துவோடு பல காலம் சேர்ந்து உழைத்தார். மேடையில் அந்தத் தோலை வாசித்த கைக்குத் தீட்டு இல்லை, அதை ஊறவைத்துச் சீவிய கைக்கு மட்டும் இருந்தது. கலை மேலே, தொழில் கீழே என்ற வரிசை நம் ஊரில் அழகியலிலிருந்து வந்ததாக நான் நம்பவில்லை. நீங்கள் அந்த எண்ணத்தில் எழுதவில்லை என்று தெரியும். ஆனால் வரிசை அதுதான்.

இயந்திரம் பற்றி எனக்குப் புகார் இல்லை. மின்சாரக் கடைசல் வந்ததால் ஆசாரிகளின் தோள்வலி குறைந்தால் நல்லதுதான். சுருதி சேர்க்க எப்படியும் ஆள் வேண்டும்.

குறியீட்டுக்கு வருகிறேன். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் கிடைத்தது, நரசிங்கம்பேட்டைக்கு 2022-இல். அந்தப் பெயரை வேறு யாரும் போட்டு விற்கக் கூடாது, அதற்குச் சட்டத்தின் காவல் உண்டு. மரத்துக்கு? நாதஸ்வரத்துக்கு வேண்டியது ஆச்சா, அதுவும் பல்லாண்டு காய்ந்து ஈரம் செத்த ஆச்சா. புதிதாக வெட்டியது வெடித்துவிடும். அதனால் ஆசாரிகள் தேடிப் போவது காட்டுக்கு அல்ல, இடிக்கப்படும் பழைய வீடுகளுக்கு. உத்தரமாகவும் தூணாகவும் தலைமுறைக் கணக்கில் காய்ந்த கட்டைதான் குழலாகிறது. நாம் இப்போது கட்டும் கான்கிரீட் வீடுகளில் அடுத்த தலைமுறைக்கு எந்த உத்தரம் இருக்கும்? கேட்பாரும் குறைகிறார்கள். கல்யாண ஊர்வலத்தில் செண்டை மேளம் வந்துவிட்டது, முகூர்த்தத்துக்கே ஒலிபெருக்கியில் கெட்டிமேளம் போடும் மண்டபங்கள் இருக்கின்றன. குழல் வாங்க வாசிப்பவர் வேண்டும், வாசிப்பவருக்கு அழைப்பு வேண்டும். இது எதையும் சான்றிதழ் கொண்டுவராது. என் வருத்தம் அதுதான்.

மன்னார்குடிப் பக்கம் உங்களுக்குத் தெரிந்த யாராவது பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கப்போகிறார்கள் என்றால், உத்தரம் ஆச்சாவா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஆச்சா என்றால் மரக்கடைக்கு விலை பேசுவதற்கு முன் நரசிங்கம்பேட்டைக்குத் தகவல் போகட்டும்.